சந்தியா கேட்கும் கேள்வி

அன்புள்ள வாசகர்களுக்கு,



2022 ஜனவரி 24 அன்று, கொழும்பு முகத்துவாரத்தில் உள்ள காளி கோயிலில் ஒரு சிங்களப் பெண் தலையை மழித்துக்கொண்டார். கணவர் வீடு திரும்பாமல் போய் அன்றோடு பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்திருந்தன. காவல் நிலையம், நீதிமன்றம், ஐ.நா. அலுவலகம், மாறி மாறி வந்த ஆட்சியாளர்களின் வாசல் என்று எல்லா இடத்திலும் கேட்டு முடித்தபின், காளியிடம் வந்திருந்தார். கணவரை இல்லாமல் செய்தவர்களுக்குத் தண்டனை கேட்டார். வேண்டுதலுக்கு முடி கொடுப்பது நம் வீடுகளில் புதிதல்ல. ஆனால் நீதி கேட்டு ஒரு பெண் முடி கொடுத்த அந்தப் படத்தைப் பார்த்தபோது மனம் நிலைகொள்ளவில்லை.

அவர் சந்தியா எக்னெலிகொட. கணவர் பிரகீத் எக்னெலிகொட கேலிச்சித்திரக்காரர், அரசியல் விமர்சகர், 'லங்கா ஈ நியூஸ்' என்ற செய்தித் தளத்தில் எழுதிவந்தவர். 2010 ஜனவரி 24 இரவு அலுவலகத்திலிருந்து புறப்பட்டார். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை.

இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டோர் என்றதும் தமிழ் வாசகர் மனதில் எழும் முகங்கள் வேறு. போர் முடிந்த நாட்களில் முல்லைத்தீவின் வட்டுவாகலில் பிள்ளையை ராணுவத்திடம் கையளித்துவிட்டு இன்றுவரை காத்திருக்கும் தாய்மாரின் முகங்கள் அவை. ஆயிரக்கணக்கான நம்மவர் இருக்க, ஒரு சிங்களவருக்காக ஆசிரியர் பக்கமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்தக் கேள்வியில் உள்ள வலியை நான் மதிக்கிறேன். அதனால்தான் இந்த மாதம் இந்த வழக்கை எடுத்துக்கொண்டேன். பிரகீத்தின் கதைக்குள் நம் தாய்மாரின் கதையும் இருக்கிறது.

அந்த 2010 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். போர் முடிந்து எட்டு மாதம். ஜனவரி 26 அன்று ஜனாதிபதித் தேர்தல். போரை வென்ற பெருமையோடு ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ச ஒருபுறம். அதே போரைக் களத்தில் நடத்திய முன்னாள் ராணுவத் தளபதி சரத் பொன்சேகா மறுபுறம். பிரகீத் பொன்சேகாவை ஆதரித்து எழுதினார், ராஜபக்ச குடும்பத்தின் ஆட்சியைக் கடுமையாக விமர்சித்தார். இறுதிப் போரில் தமிழர்மீது இரசாயன ஆயுதம் பயன்படுத்தப்பட்டதா என்றும் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதுதான் அவரைக் குறிவைக்கக் காரணமாயிற்று என்று சந்தியா தொடர்ந்து சொல்லிவருகிறார். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு பிரகீத் மறைந்தார்.

அது முதல் தடவையும் அல்ல. 2009 ஆகஸ்டில் ஒருமுறை அவரைக் கடத்திக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோனார்கள். மறுநாள், ஆள் மாறிப்போய்விட்டது என்று சொல்லி விட்டுவிட்டார்கள். இலங்கையில் அந்த ஆண்டுகளில், ஆள் கடத்த வரும் வெள்ளை வேன் என்ற சொல்லைக் கேட்டாலே குழந்தைகூட அழுகையை நிறுத்திவிடும். அப்படி ஒருமுறை போய்த் திரும்பிய பின்னும் பிரகீத் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

அவருடைய ஒரு கேலிச்சித்திரத்தை என்னால் மறக்க முடிவதில்லை. ஆடை கலைந்த ஒரு பெண் மூலையில் ஒடுங்கியிருக்கிறாள். எதிரே சிரித்தபடி ஆண்கள் கூட்டம். பெரும்பான்மை எதை விரும்புகிறதோ அதுவே ஜனநாயகம் என்ற பொருளில் சுவரில் ஒரு வாசகம். சிறுபான்மையாக வாழ்ந்த எவருக்கும் அந்தப் படத்துக்கு விளக்கம் தேவைப்படாது. பெரும்பான்மை இனத்தில் பிறந்த ஒருவர், தம் மக்களைப் பார்த்தே இதை வரைந்தார். அவரை நம்மவர் என்று சொல்ல எனக்கு இது ஒன்றே போதும்.

கணவரைக் காணவில்லை என்று சந்தியா காவல்துறையிடம் போனபோது, புகாரை முதலில் அவர்கள் பொருட்படுத்தவே இல்லை. ஆள் கடத்தல் வழக்குகளில் முதல் சில மணி நேரம்தான் எல்லாம். கைப்பேசி எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருந்தது, எந்த வாகனம் எந்தச் சோதனைச் சாவடியைக் கடந்தது, தெருமுனையில் யார் நின்றார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் கிடைக்கும். கண்ணால் கண்டவனுக்கும் அச்சம் ஊறுவதற்குள் பேசிவிடத் தோன்றும். அந்த நேரத்தைக் காவல் நிலையத்தின் அலட்சியம் தின்றது. அது அலட்சியம் மட்டும்தானா என்று இன்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டு மகன்களை வீட்டில் வைத்துக்கொண்டு சந்தியா ஆட்கொணர்வு மனு போட்டார். விசாரணை ஒத்திவைக்கப்பட்டது, மீண்டும் ஒத்திவைக்கப்பட்டது. ஒவ்வொரு தவணைக்கும் அவர் போய் நின்றார். ஜனாதிபதியின் மனைவிக்குக் கடிதம் எழுதினார், பெண்ணுக்குப் பெண் இரங்கமாட்டாரா என்று. கொழும்பில் உள்ள ஐ.நா. அலுவலகத்தில் மனு கொடுத்தார்.

2011 நவம்பரில் ஜெனீவாவில், சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. குழுவின் முன் இலங்கையின் சார்பில் மொஹான் பீரிஸ் அமர்ந்திருந்தார். நாட்டின் சட்ட மா அதிபராக இருந்தவர். பிரகீத் வெளிநாடு ஒன்றில் தஞ்சம் புகுந்திருக்கிறார் என்று அந்த அவையில் அவர் சொன்னார். ஒரு மனைவிக்கு இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்! உயிரோடு இருக்கிறார் என்ற ஆறுதலா, எங்களை விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்ற பழியா? சந்தியா இரண்டையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேட்டார்: எந்த நாடு, யார் சொன்னது? 2012 ஜூனில் ஹோமாகம நீதவான் நீதிமன்றத்தில் பீரிஸ் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியதாயிற்று. தகவலைத் தந்தது யார் என்று நினைவில்லை, பிரகீத் எங்கே என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்றார். ஏழு மாதம் கழித்து அவர் நாட்டின் தலைமை நீதிபதியானார். 2013இல் ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், பிரகீத்தைப் பிரான்சில் பார்த்ததாக நாடாளுமன்றத்திலேயே சொன்னார்.

காணாமல் ஆக்குபவர்களின் முறை எங்கும் இதுதான். ஆளை மறைப்பதோடு அவர்கள் நிறுத்துவதில்லை. அங்கே பார்த்தேன், இங்கே பார்த்தேன், கடன் தொல்லை, குடும்பச் சண்டை, வெளிநாட்டு ஆசை என்று கதைகளைக் கட்டிவிடுவார்கள். தேடுகிறவர் ஒவ்வொரு கதையின் பின்னாலும் ஓடிக் களைக்க வேண்டும். நம் ஊரில் மகனையோ மகளையோ தொலைத்த எத்தனையோ பெற்றோர் இதே வார்த்தைகளைக் கேட்டிருப்பார்கள்.

இந்த வழக்கில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. அதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

1984இல் யாழ்ப்பாணத்தில், ராணுவம் பிடித்துப்போன இளைஞர்களை விடுவிக்கக் கேட்டுத் தாய்மார் திரண்டு, அரச அதிபரின் அலுவலகமான கச்சேரிக்கு ஊர்வலம் போனார்கள். அன்னையர் முன்னணி அப்போது பிறந்தது. சில ஆண்டுகள் கழித்துத் தெற்கே ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சியும் அதை ஒடுக்கிய அரச வன்முறையும் வந்தன. இம்முறை இழுத்துச் செல்லப்பட்டவர்கள் சிங்கள இளைஞர்கள். 1990இல் மாத்தறையில் சிங்களத் தாய்மார் ஓர் அன்னையர் முன்னணியைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் பத்திரிகையாளரும் நடிகருமான ரிச்சர்ட் டி சொய்சாவை வீட்டிலிருந்து கடத்திக் கொன்று கடலில் போட்டார்கள். உடல் மொரட்டுவைக் கரையில் ஒதுங்கியது. அவருடைய தாய் மனோராணி சரவணமுத்து, தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மருத்துவர். அவர் அந்தச் சிங்களத் தாய்மாரோடு சேர்ந்து நின்றார். தன் மகனின் உடலாவது கிடைத்தது, அதுவும் கிடைக்காத தாய்மாருக்காகப் பேச வேண்டும் என்று எண்ணியவர் அவர்.

அந்த முன்னணியைக் கட்டியெழுப்பிய அரசியல்வாதிகளில் ஒருவர் மஹிந்த ராஜபக்ச. அன்று எதிர்க்கட்சியின் இளம் உறுப்பினர், வழக்கறிஞர். 1990 செப்டம்பரில், காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களையும் ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு ஜெனீவாவுக்குப் புறப்பட்ட அவரைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் நிறுத்திக் காவல்துறை அவற்றைப் பறித்தது. அழுத தாய்மாரின் கண்ணீரை அருகிலிருந்து பார்த்த மனிதர் அவர். அவருடைய ஆட்சியில்தான் பிரகீத் மறைந்தார். அவருடைய அரசின் சார்பில்தான் அதே ஜெனீவாவில் அந்தத் தஞ்சக் கதை சொல்லப்பட்டது. இதை எழுதும்போது எனக்குக் கோபத்தைவிடத் துயரமே மிகுதியாக வருகிறது. துன்பத்தை அறிந்தவர் அதிகாரத்துக்கு வந்தால் துன்பம் குறையும் என்று நம்புகிறவர்கள்தானே நாம்.

சந்தியா முடி கொடுத்த கோயிலுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 1992 ஜூன் 23, அன்றைய ஜனாதிபதி பிரேமதாசவின் பிறந்தநாள். அன்னையர் முன்னணித் தாய்மார் முகத்துவாரம் காளி கோயிலில் திரண்டு, பிள்ளைகளைக் கொண்டுபோனவர்களைச் சபித்துத் தேங்காய் உடைத்தார்கள். ஊர்வலத்துக்குத் தடை போடலாம், கூட்டத்துக்குத் தடை போடலாம், சாமியிடம் முறையிடுவதற்கு எந்த அரசு தடை போடும்? தமிழர் கட்டிய காளி கோயிலில் சிங்களத் தாய்மார் மண்ணை வாரித் தூற்றிய அந்த நாளின் தொடர்ச்சியாகவே, முப்பது ஆண்டுகளுக்குப் பின் சந்தியா அங்கே வந்தார்.

2015இல் ஆட்சி மாறியது. குற்றப் புலனாய்வுத் துறை வழக்கைக் கையில் எடுத்தது, சில மாதங்களிலேயே ராணுவப் புலனாய்வுப் பிரிவினர் கைதானார்கள். பிரகீத் பொலன்னறுவை மாவட்டம் கிரிதலையில் உள்ள ராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார் என்பது புலனாய்வாளர்கள் நீதிமன்றத்தில் வைத்த தகவல். ஐந்து ஆண்டுகளாகக் கடவுளுக்கு மட்டுமே தெரிந்திருந்த விஷயம், முறையாகக் கேட்டதும் இவ்வளவு தூரம் வெளியே வந்தது. கேட்க ஆள் இல்லாததுதான் குறையாக இருந்திருக்கிறது. ராணுவம் ஆவணங்களைத் தர இழுத்தடித்தது என்ற புகாரும் நீதிமன்றத்தில் எழுந்தது.

அடுத்து நடந்ததைச் சொல்ல மனம் கூசுகிறது. 2016 ஜனவரியில் ஹோமாகம நீதிமன்றத்துக்குள் பொதுபல சேனா என்ற பௌத்த தீவிர அமைப்பின் ஞானசார தேரர் நுழைந்து, ராணுவத்தினரைக் காவலில் வைத்ததற்காகக் கூச்சலிட்டார், சந்தியாவை மிரட்டினார். சந்தியா ஒதுங்கிக்கொள்ளவில்லை. தேரர் மீதும் வழக்கு நடத்தினார், சாட்சி சொன்னார். 2018இல் சந்தியாவை அச்சுறுத்தியதற்காக ஹோமாகம நீதிமன்றமும், நீதிமன்ற அவமதிப்புக்காக மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவரைத் தண்டித்தன; பின்னதில் ஆறு ஆண்டு கடூழியச் சிறை. அதிகாரம் படைத்த ஒரு பிக்குவை ஒரு சாதாரணப் பெண் சிறைக்கு அனுப்பியது இலங்கையில் சின்ன விஷயமல்ல. 2019 மே மாதம் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவருக்குப் பொது மன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார்.

அந்த ஆண்டு நவம்பரில் ராணுவப் புலனாய்வுப் பிரிவைச் சேர்ந்த ஒன்பது பேர் மீது, கடத்தவும் கொல்லவும் சதி செய்தார்கள் என்று குற்றப்பத்திரிகை தாக்கலாகி, மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வுக்கு வழக்குப் போனது. அதே மாதம் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். பிரகீத் மறைந்தபோது பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர். புலனாய்வை நடத்திய அதிகாரி நிசாந்த சில்வா சில நாட்களிலேயே நாட்டைவிட்டு வெளியேறி சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். குற்றப் புலனாய்வுத் துறையின் இயக்குநர் ஷானி அபேசேகர இடம் மாற்றப்பட்டு, 2020 ஜூலையில் வேறொரு வழக்கில் கைதானார். முந்தைய ஆட்சியில் அரசியல் பழிவாங்கலுக்கு ஆளானவர்களுக்காக என்று ஓர் ஆணைக்குழு அமைந்தது; குற்றம் சாட்டப்பட்டவர்கள் அதனிடம் போய் முறையிட, அவர்களை விடுவிக்கவே அது பரிந்துரைத்தது. முக்கியமான சாட்சி ஒருவர் முன்பு சொன்னதை மறுத்தார். 'ஒரே நாடு ஒரே சட்டம்' என்ற ஜனாதிபதிச் செயலணிக்கு 2021இல் தலைவரானவர் யார் தெரியுமா? ஞானசார தேரர்.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் குற்றவாளிகளா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். நான் அதில் முந்திக்கொள்ள மாட்டேன். ஆனால் விசாரித்தவர் ஓட வேண்டியிருந்தது, விசாரணைக்கு உள்ளானவரால் ஆணைக்குழுவில் அமர்ந்து முறையிட முடிந்தது என்பதைப் பார்த்துவிட்டு வாய்மூடி இருப்பதற்குப் பத்திரிகை நடத்த வேண்டியதில்லை.

கேரளத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்லத் தோன்றுகிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச் 1 அன்று, கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைக் காவல்துறை கொண்டுபோனது. கக்கயம் முகாமில் சித்திரவதையில் அவர் இறந்தார். தந்தை ஈச்சரவாரியர் பேராசிரியர். ஏறாத படி இல்லை. நெருக்கடி நிலை முடிந்த சில நாளில், 1977 மார்ச்சில் ஆட்கொணர்வு மனு போட்டார். உயர் நீதிமன்றம் வாரக் கணக்கில் முடிவுக்கு வந்தது. மாணவரைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னது. பதவியேற்று ஒரு மாதமே ஆகியிருந்த முதல்வர் கருணாகரன் ஏப்ரல் இறுதிக்குள் பதவி விலக நேர்ந்தது. ராஜனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை, தந்தைக்கு முழு நீதியும் கிடைக்கவில்லை. ஆனாலும் மகனுக்கு என்ன ஆனது என்று அரசின் வாயாலேயே அவர் கேட்டார். ஒரு நீதிமன்றம் ஒத்திவைக்காமல் கேட்டால் எவ்வளவு நடக்கும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்தின் சாட்சி இது. சந்தியாவின் ஆட்கொணர்வு மனு ஆண்டுக்கணக்கில் இழுபட்டதை இதனோடு வைத்துப் பார்க்கிறேன்.

அந்த ஆண்டுகள் வீட்டுக்குள் என்ன செய்யும்? வியட்நாம் போரில் காணாமல் போன ராணுவ வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் பாலின் பாஸ், முடிவு தெரியாத இழப்பு எல்லா இழப்பிலும் கொடியது என்று எழுதினார். இறந்தவருக்குக் காரியம் செய்யலாம், பதினாறு கும்பிடலாம், ஊர் வந்து துக்கம் கேட்கும். காணாமல் போனவருக்கு எதைச் செய்வது? நெற்றியில் பொட்டு வைப்பதா, அழிப்பதா? வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம், பிள்ளையின் பள்ளிப் படிவத்தில் தகப்பன் பெயருக்கு எதிரே எழுத வேண்டியது, எல்லாம் முள்ளாய் நிற்கும். இலங்கை அரசு 2016இல், மரணச் சான்றிதழ் வாங்க விரும்பாத குடும்பங்களுக்காக, ஆள் இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழைக் கொண்டுவந்தது. காரியங்களை நடத்த அது உதவும்தான். வடக்கில் பல தாய்மார் அதையும் வாங்க மறுத்தார்கள். அவர்கள் கேட்டது காகிதம் அல்லவே.

2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பு, பிள்ளைகள் எங்கே என்று கேட்டுப் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார், பிறகு வவுனியா, முல்லைத்தீவு, மருதங்கேணி என்று மற்ற ஊர்களிலும் அமர்ந்தார்கள். வெயிலிலும் மழையிலும் அந்தத் தகரக் கொட்டகைகளில் இருந்தபடியே பலர் முதிர்ந்தார்கள், பலர் பிள்ளையின் முகத்தைக் காணாமலே கண்ணை மூடினார்கள். அந்தத் தாய்மாரோடு சந்தியா பல போராட்டங்களில் நின்றிருக்கிறார். தன் இனத்து வீட்டுத் திண்ணைகளில் துரோகி என்று பெயர் வாங்கிய பெண், நம் தாய்மாருக்குத் தோள் கொடுத்தார். நாம் அவருக்குத் திருப்பிக் கொடுத்தது என்ன என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

பத்திரிகைக்காரன் என்ற முறையிலும் ஒரு கடன் இருக்கிறது. 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று கொழும்பில் கொல்லப்பட்டார். அதற்கும் முன்பே யாழ்ப்பாணத்தில் நிமலராஜன், மட்டக்களப்பில் நடேசன், கொழும்பில் கடத்தப்பட்ட சிவராம் என்று தமிழ்ப் பத்திரிகையாளர்கள் அடுத்தடுத்துப் பலியானார்கள். 'தினக்குரல்', 'வலம்புரி' ஏடுகளுக்குச் செய்தி அனுப்பிவந்த சுப்பிரமணியம் இராமச்சந்திரன் 2007 பிப்ரவரியில் வடமராட்சியில் காணாமல் போனார். அவருக்காக எந்தச் சிறப்பு அமர்வும் கூடவில்லை, உலகத் தலைநகரங்களில் எவரும் பதாகை பிடிக்கவில்லை. பிரகீத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் இராமச்சந்திரன் பெயரையும் சேர்த்து எழுதுவது என்று இந்த இதழின் ஆசிரியர் குழுவில் முடிவு செய்திருக்கிறோம்.

பிரகீத் வழக்கின் விசாரணை முடிந்து தீர்ப்பு வந்தபாடில்லை. 2022இல் மக்கள் எழுச்சியில் கோட்டாபய நாட்டைவிட்டு ஓடினார், பிறகு ஆட்சியும் மாறிற்று. சந்தியா கேட்பது மாறவில்லை. கட்டளை யாருடையது? கிரிதலையிலிருந்து பிரகீத்தை எங்கே கொண்டுபோனார்கள்? அவர் உடல் எங்கே? இவற்றுக்கு விடை தெரிந்தவர்கள் இலங்கையிலேயே இருக்கிறார்கள். வண்டி ஓட்டியவர் இருப்பார், வாயில் பதிவேட்டில் எழுதியவர் இருப்பார், தொலைபேசியை எடுத்தவர் இருப்பார். அவர்களில் பலர் இந்நேரம் ஓய்வு பெற்றிருப்பார்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறவர்களாகவும் இருக்கக்கூடும். ஒருவர் வந்து உண்மையைச் சொன்னால் போதும், இந்த வழக்கு நகரும். சாட்சிக்கு உயிர்ப் பாதுகாப்புத் தர வேண்டியது இன்றைய அரசின் பொறுப்பு. அதைக் கேட்டு இந்த இதழின் சார்பில் கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதன் நகல் இதே இதழின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. உங்களுக்கும் ஒப்புதல் என்றால் உங்கள் பெயரில் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்